இறகு கொட்டிய கோழி மறுபடி எப்போது முட்டைக்கு வரும்?

காலையில் கொடாப்பைத் திறக்கும்போது தரையெங்கும் இறகு கிடந்தால், முதல் சந்தேகம் கீரிப்பிள்ளை மேல் விழும். அடுத்தது தெருநாய் மேல். எண்ணிப் பார்த்தால் கோழிகள் எல்லாம் இருக்கும். அவற்றில் ஒரு பெட்டை மட்டும் கழுத்து இறகு கொட்டி, வால் மொட்டையாகி, பாதி உரித்த கோலத்தில் மூலையில் ஒண்டி நிற்கும். கொண்டை சுருங்கி வெளுத்திருக்கும். கையை நீட்டினால் விலகி ஓடும். யோசித்துப் பார்த்தால், அது முட்டையிட்டே பத்து நாள் ஆகியிருக்கும். “சீக்குக் கோழி, சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடலாம்” என்று வீட்டில் ஒருவர் சொல்லிவிடுவார்.

அந்த அவசரம் பல நேரம் நஷ்டத்தில்தான் முடியும். பெட்டைக்கு நோய் எதுவும் இல்லாமல் இருக்கலாம்; பழைய இறகைக் கழித்துப் புதிய இறகு கட்டிக்கொண்டிருக்கலாம். அந்த வேலை நடக்கும்வரை முட்டை இருக்காது. நன்றாக முட்டையிடும் கோழியானால் இரண்டு முதல் மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடும். மந்தமான கோழிக்கு நான்கு, ஐந்து மாதம்கூட ஆகும். இரண்டில் எது நம் வீட்டில் நிற்கிறது என்பதை அதன் இறக்கையை விரித்துப் பார்த்தே ஓரளவு சொல்லிவிட முடியும்.

விழுப்புரம் மாவட்டத்தில் இந்தக் கணக்குத் தெரிந்திருப்பது பலருக்கு உதவும். 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் 12 கோடிக்கும் மேற்பட்ட கோழியினங்களோடு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. இதில் பெரும்பங்கு நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளுக்குரியது. ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் காட்டியது. நாடு முழுவதும் வீட்டுப்புறத்தில் வளரும் கோழிகள், 2012ஐவிடச் சுமார் 46 விழுக்காடு பெருகி, 31 கோடியைத் தாண்டியிருந்தன. செஞ்சி, மயிலம், வானூர், மரக்காணம் பக்கத்து வீடுகளில் மாட்டுக் கொட்டகை ஓரமாக மேயும் ஐந்தும் பத்தும் இந்தக் கணக்கில் அடங்கும்.

சம்பளம் ஒன்று, செலவு இரண்டு

ஒரு முட்டையில் ஆறு, ஏழு கிராம் புரதம் இருக்கிறது. ஓடு ஐந்து, ஆறு கிராம். அது ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட். ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் பிடிக்கும். அதில் இருபது மணி நேரம் போல ஓடு கட்டுவதற்கே போய்விடும். முட்டைக்கோழி இந்த வேலையை ஏறத்தாழ நாள்தோறும் செய்கிறது. நாட்டுக்கோழியோ பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது.

இறகும் புரதம்தான். அதன் எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் கெரட்டின் என்ற புரதம்; நம் நகமும் முடியும் அதே குடும்பத்துப் பொருள்களால் ஆனவை. கெரட்டினுக்குக் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும். முட்டை வெள்ளைக்கருவுக்கும் அவை வேண்டும். ஒரே சம்பளத்தில் வீட்டு வாடகையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டிய குடும்பம் ஒன்றைத் தள்ளிப்போடுவதைப் போல, கோழியின் உடலும் முட்டையைத் தள்ளிப்போட்டு இறகை முதலில் கவனிக்கிறது. மழையும் குளிரும் தாங்கும் போர்வை இல்லாமல் பறவை பிழைக்க முடியாது. முட்டை இல்லாமல் சில மாதம் இருந்துவிடலாம்.

உள்ளே நடப்பது இன்னும் பெரிய மாற்றம். மூளையின் அடியிலிருந்து சூலகத்துக்குப் போகும் ஹார்மோன் குறைகிறது. சூலகத்தில் வரிசையாகக் காத்திருந்த மஞ்சள் கருக்கள் வளர்ச்சியை நிறுத்தி, உடலுக்குள்ளேயே கரைந்துபோகின்றன. ஈஸ்ட்ரோஜன் வடிகிறது. இரண்டடிக்கு மேல் நீண்டிருந்த கருமுட்டைக் குழாய் சுருங்கி, எடையில் சிறு பங்காகிவிடுகிறது. தைராய்டு சுரப்பியின் தைராக்சின் புதிய இறகு முளைக்கத் துணை நிற்கிறது. கொண்டை வெளுத்துச் சுருங்குவது சூலகத்தின் ஹார்மோன்கள் வற்றியதன் வெளி அடையாளம். அதை இரத்தசோகை என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

சுருங்கிய குழாய் மறுபடி வளரும்போது, முட்டை ஓட்டை உருவாக்கும் பகுதியும் புதுப்பிக்கப்படுகிறது. முட்டையிடும் காலம் முழுவதும் ஓட்டுக்காகத் தன் எலும்பிலிருந்தும் கால்சியத்தைக் கடன் கொடுத்துவந்த கோழி, இந்த ஓய்வில்தான் எலும்புக் கட்டமைப்பைச் சரிசெய்கிறது. இறகு உதிர்ப்புக்கு முன்னால் வரும் கடைசி முட்டைகள் ஓடு மெலிந்து, சொரசொரப்பாக இருப்பதையும், பின்னால் வரும் முட்டைகள் பெரிதாகவும் ஓடு உறுதியாகவும் இருப்பதையும் கோழி வளர்ப்பவர்கள் கவனித்திருப்பார்கள்.

இலண்டன் கணக்கு இங்கே செல்லாது

கோழி வளர்ப்பு பற்றிய ஆங்கில நூல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. இலையுதிர் காலத்தில் இறகு உதிர்க்கும், பனிக்காலம் முடிந்து பகல் நீளும்போது முட்டைக்கு வரும் என்று அவை சொல்லும். அங்கே அது சரி. இலண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். டிசம்பரில் 8 மணி நேரம்கூட இல்லை. பகல் சுருங்குவதை உணரும் கோழியின் உடல் இனப்பெருக்கத்தை மூட்டைகட்டிவிடுகிறது.

அந்த உணர்வுக்குக் கண் கட்டாயம் இல்லை என்பது வியப்பான செய்தி. பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் பெனுவா 1930களில் வாத்துகளைக் கொண்டு செய்த சோதனைகளில், மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் போகும் வெளிச்சமே பறவையின் இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டப் போதுமானது என்று காட்டினார். பறவைகளின் மூளைக்குள்ளேயே ஒளி உணரும் செல்கள் இருப்பது பின்னர் உறுதிப்பட்டது.

விழுப்புரமும் திண்டிவனமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கின்றன. இங்கே மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 50 நிமிடம். மிகக் குறுகியது சுமார் 11 மணி 25 நிமிடம். ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். அதனால் இங்குள்ள கோழிகள் எல்லாம் ஒரே மாதத்தில் சேர்ந்து இறகு உதிர்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சில. சித்திரை வெயிலில் சில. குஞ்சு வளர்த்து முடித்த கையோடு சில. கோழியின் வயதும், அது எவ்வளவு காலம் முட்டையிட்டது என்பதும், இடையில் பட்ட துன்பமும் சேர்ந்து தேதியைத் தீர்மானிக்கின்றன. வளர்ந்த கோழியின் முதல் முழு இறகு உதிர்ப்பு பெரும்பாலும் 16 முதல் 18 மாத வயதில் வரும். அதன்பின் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை.

துன்பம் என்பதில் பல அடங்கும். கத்திரி வெயிலில் வாயைத் திறந்து இரைக்கும் கோழி தீனியைக் குறைத்துக்கொள்ளும். ஒரு நாள் தண்ணீர் வைக்க மறந்தாலே முட்டை நின்றுவிடும். சில நாள் தொடர்ந்தால் இறகும் கொட்டத் தொடங்கும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவில் மழை கொட்டியது; விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது. ஈரமும் குளிரும் தீனித் தட்டுப்பாடும் இடமாற்றமும் ஒன்றாகச் சேரும் இப்படிப்பட்ட நாள்களைத் தாண்டிப் பிழைக்கும் கோழி, அடுத்த சில வாரங்களில் முட்டையை நிறுத்தி இறகை உதிர்த்தால் அது இயல்பான எதிர்வினை.

மூன்று நிறுத்தங்கள்

முட்டை நின்றதற்கெல்லாம் இறகு உதிர்ப்புதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. வீட்டுக் கோழி மூன்று காரணங்களுக்காக நிறுத்தும். மூன்றுக்கும் முகம் வேறு.

முதலாவது, அடை. புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறியதும் பெட்டை கூட்டைவிட்டு எழாது. கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்து உறுமும், கொத்தும். அடைகாக்க 21 நாள், குஞ்சுகளோடு அலைய இரண்டு மூன்று மாதம் என்று அதன் காலண்டர் தனி. நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஐம்பது, அறுபது முட்டையோடு நிற்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். குஞ்சு தேவையில்லை என்றால் அடையைக் கலைக்கலாம். மூக்கில் இறகைச் செருகும் பழைய வழக்கம் கோழிக்கு வேதனை தருவது, அது வேண்டாம். அடியில் காற்றோட்டமுள்ள கம்பிவலைக் கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் அடைத்தாலே வயிற்றுச் சூடு தணிந்து அடை தெளியும்.

இரண்டாவது, இறகு உதிர்ப்பு. தலையில் தொடங்கி, கழுத்து, நெஞ்சு, உடல், இறக்கை, வால் என்று ஏறத்தாழ இதே வரிசையில் போகும். கோழி ஒதுங்கி நிற்கும். ஆனால் தீனி எடுக்கும், எச்சம் சரியாக இருக்கும், கண் தெளிவாக இருக்கும். உதிர்ந்த இடத்தில் சில நாளில் குச்சி குச்சியாகப் புது முளை தெரியும்.

மூன்றாவது, நோய். இராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் முட்டை சட்டென்று நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சுத் திணறும், கழுத்து முறுக்கும், ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாயும். அங்கே காத்திருப்பது ஆபத்து. கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாமல் இருப்பதே இதற்கு வழி. இவற்றோடு பேனையும் செள்ளையும் பார்த்துவிட வேண்டும். இறகு கொட்டி, முளையே தெரியாமல் தோல் சிவந்திருந்தால், அதற்குக் காரணம் ஒட்டுண்ணியாகவோ, கூட்டத்தில் மற்றக் கோழிகள் கொத்தியதாகவோ இருக்கலாம்.

இறக்கையில் ஒரு நாள்காட்டி

இனி இறக்கைக்கு வருவோம். பொழுது சாய்ந்தபின் கோழி அமைதியாக இருக்கும்போது இறக்கையை மெல்ல விரித்தால், நடுவில் குட்டையான ஒற்றை இறகு ஒன்று தெரியும். அதற்கு வெளிப்பக்கம், இறக்கை நுனியை நோக்கிப் பத்துப் பெரிய இறகுகள் இருக்கும். உதிர்ப்பு, குட்டை இறகுக்குப் பக்கத்தில் உள்ள முதல் பெரிய இறகில் தொடங்கி, வரிசையாக நுனியை நோக்கிப் போகிறது.

ஒவ்வொரு பெரிய இறகும் முழுதாக வளர ஆறு வாரம் எடுக்கும். முதல் மூன்று வாரத்திலேயே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீளம் வந்துவிடும். மந்தமான கோழி இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஒற்றை ஒற்றையாக உதிர்க்கும். முதல் இறகுக்கு ஆறு வாரம், மீதி ஒன்பதுக்கும் இரண்டிரண்டு வாரம் என்று கூட்டினால் 24 வாரம். சுறுசுறுப்பான கோழி இரண்டு மூன்றாகச் சேர்த்து உதிர்க்கும். பத்து இறகும் நான்கு தவணையில் விழுந்துவிட்டால் 12 வாரத்தில் இறக்கை புதிதாகிவிடும்.

பார்வைக்குப் பரிதாபமாக, ஒரே வாரத்தில் மொட்டையாகிவிட்ட கோழிதான் உண்மையில் நல்ல கோழி. வீட்டில் பலரும் கழிப்பது அதைத்தான். அழகு குலையாமல், மாதக்கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிர்த்துக்கொண்டு முட்டையும் இடாமல் இருப்பதுதான் தீனிக்குச் சுமை. உதிர்ப்பு தொடங்கும் காலமும் இதையே சொல்லும். நல்ல முட்டைக்கோழி நீண்ட காலம் முட்டையிட்டுவிட்டுத் தாமதமாக இறகு உதிர்க்கும். குறைவாக இடுவது சீக்கிரமே தொடங்கி மெதுவாக முடிக்கும்.

முட்டை திரும்பப் போவதற்கான அறிகுறிகள் வரிசையாக வரும். முதலில் கொண்டையும் தாடியும் தடித்துச் சிவக்கும். இத்தனை நாள் ஒதுங்கிய பெட்டை சேவலோடு மேயத் தொடங்கும். முதுகில் கைவைத்தால் இறக்கையை அகட்டிக் குந்தும். வைக்கோல் மூலைகளையும் கூடைகளையும் நோட்டம் விடும். ஆசனவாய் அகன்று ஈரமாகும். அதன் இருபுறமும் உள்ள இடுப்பெலும்புகளின் நடுவே முன்பு ஒரு விரல் மட்டுமே நுழைந்த இடத்தில் இரண்டு, மூன்று விரல் நுழையும். முதல் சில முட்டைகள் நாள் விட்டு நாள் வரும், பிறகு சீராகும். இரண்டாம் ஆண்டில் எண்ணிக்கை முதல் ஆண்டைவிடச் சற்றுக் குறையும், அளவு கூடும்.

எள்ளுப் புண்ணாக்கும் மரக்காணம் கருவாடும்

இந்த இடைவெளியைக் குறைக்க மனிதர் செய்யக்கூடியது தீனியில் இருக்கிறது. அரிசிக் குருணை, தவிடு, மிச்சச் சோறு இவற்றில் மாவுச்சத்து உண்டு, புரதம் போதாது. முட்டைக்கோழித் தீவனத்தில் பொதுவாக 16 முதல் 18 விழுக்காடு புரதம் இருக்கும். இறகு முளைக்கும் காலத்தில் 20 வரை போனாலும் நல்லது.

விழுப்புரம் மாவட்டம் மணிலா எனப்படும் நிலக்கடலைப் பயிருக்குப் பேர்போனது. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ‘டி.எம்.வி.’ என்று தொடங்கும் நிலக்கடலை, எள் ரகங்கள் அந்த ஊர்ப் பெயரைச் சுமந்து போனவை. எண்ணெய் ஆட்டிய பின் மிஞ்சும் கடலைப் புண்ணாக்கில் 40 விழுக்காட்டுக்கு மேல் புரதம். ஆனால் அதில் மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலம் குறைவு. இறகுக்குத் தேவையோ அதுதான். எள்ளுப் புண்ணாக்கில் அந்த மெத்தியோனின் தாராளமாக உண்டு. இரண்டையும் அளவோடு கலப்பது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும் வழி. மரக்காணம் கடற்கரைப் பக்கம் கிடைக்கும் உப்புக் குறைந்த கருவாட்டுத் தூள் இன்னும் மேல்.

காசில்லாத புரதமும் இருக்கிறது. பழைய பானையில் காய்ந்த சாணி, கிழிந்த கோணி, மக்கிய மரத்துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் கிடைக்கும். குஞ்சுகளுக்கு என்று பாட்டிமார் செய்து வந்த இந்த உத்தி, இறகு முளைக்கும் பெட்டைக்கும் அப்படியே பொருந்தும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப்போனபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் படர்ந்த பூஞ்சை சுரந்த நச்சு சிக்கியது. அஃப்ளாடாக்சின் உலகுக்கு அறிமுகமானது அப்படித்தான். ஐப்பசி மழையில் ஈரம் பட்டுப் பச்சை பூத்த புண்ணாக்கைக் கோழிக்குப் போட்டால் கல்லீரல் கெடும். முட்டை திரும்புவதும் தள்ளிப்போகும். கால்சியத்துக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தால் போதும். முட்டையிடாத கோழிக்குக் கூடுதல் கால்சியம் தேவையில்லை. வேண்டும்போது அதுவே கொத்திக்கொள்ளும்.

குருத்திறகு வளரும் நாளில் கோழியை அடிக்கடி பிடிக்கக் கூடாது. அந்தக் குச்சிகளுக்குள் இரத்தம் ஓடுகிறது; ஒடிந்தால் வலிக்கும், இரத்தம் கசியும்.

பட்டினி போட்டு வரவழைத்த ஓய்வு

இயற்கையாக ஆளுக்கொரு நேரத்தில் நடப்பதை ஒரே நாளில் தொடங்கவைத்தால், பண்ணை முழுவதையும் இரண்டாம் சுற்று முட்டைக்குக் கொண்டுவரலாம் என்று வணிகப் பண்ணைகள் கண்டுகொண்டன. அதற்குக் கையாண்ட வழி, ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரை தீவனத்தை நிறுத்தி, வெளிச்சத்தையும் குறைப்பது. கோழி எடை இழந்து, இறகு உதிர்த்து, தீவனம் திரும்பியபின் சில வாரங்களில் முட்டைக்கு வரும்.

இதற்கு இன்னொரு விலையும் இருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர் பீட்டர் ஹோல்ட் 1990களில் செய்த ஆய்வுகள், பட்டினி கிடந்த கோழிகளின் எதிர்ப்பாற்றல் குன்றி, சால்மோனெல்லா கிருமி அவற்றில் அதிகம் பெருகுவதைக் காட்டின. அது முட்டை தின்பவர் வயிற்றுக்கும் வரக்கூடியது. அமெரிக்காவின் ஐக்கிய முட்டை உற்பத்தியாளர் அமைப்பு 2006 முதல் தன் சான்றிதழ் பெறும் பண்ணைகளில் இந்த முறையைக் கைவிட்டது. இந்தியாவில், இந்திய விலங்குகள் நல வாரியம், பட்டினி போட்டு இறகு உதிர்க்கவைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2011இல் அறிவுறுத்தியது. தவிடு போன்ற சத்துக் குறைந்த தீவனத்தைத் தாராளமாகக் கொடுத்து மெதுவாக ஓய்வுக்குக் கொண்டுவரும் முறைகள் அதற்கு மாற்றாக வந்துள்ளன.

வீட்டில் பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு இது எதுவுமே தேவையில்லை. விளக்குப் போட்டு அவசரப்படுத்துவதும் பாதி உதிர்ப்பில் உதவாது. இறகு முழுதாக மூடியபின், விடியலுக்கு முன் இரண்டு மணி நேரம் வெளிச்சம் கொடுத்தால் மார்கழி, தை மாதங்களில் சற்றுப் பலன் கிடைக்கும்.

முதல் இறகு விழுந்த நாளைச் சுவர்க் காலண்டரில் குறித்துவையுங்கள். பன்னிரண்டு வாரம்வரை தீனியைக் குறைக்காமல் பொறுங்கள். இறகு மூடி, கொண்டை சிவந்து, அதற்குப் பின்னும் ஒரு மாதம் முட்டை இல்லையென்றால், அல்லது இடையில் கழிச்சலோ மூச்சுத் திணறலோ தெரிந்தால், பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். விழுப்புரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையமும், திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. தீவனக் கலவை முதல் தடுப்பூசிவரை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு முன் எந்தக் கோழியையும் சந்தைக்கு அனுப்ப வேண்டாம்.